ஓட்டைக் கண்ணாடி

தம்பி அருண்ராஜ் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான் என்று புருஷன் போனில் சொன்ன அன்று, சாந்தகுமாரி கட்டைவிரலைப் பிளேடால் கீறிக்கொண்டாள். சிஞ்ச்வட்டில் அந்த ரப்பர் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அப்படி நடந்ததில்லை. கார்களுக்கும் டெம்போக்களுக்கும் போகிற ரப்பர் புஷ்கள் அச்சிலிருந்து சூடாக வந்து விழும். அவற்றின் ஓரத்தில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச ரப்பரைச் சீவி எடுப்பது பெண்களின் வேலை. கையைப் பார்க்காமலேயே சீவுவார்கள். வாய் பேசிக்கொண்டிருக்கும், பிளேடு தன்பாட்டுக்குப் போகும்.

"காய் ஜாலா, மாவ்ஷி?" என்ன ஆச்சு என்று மராத்தியில் கேட்டபடி சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தான்.

"குச் நஹி" ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு விரலை வாயில் வைத்துச் சப்பினாள். ரப்பர் வாடையும் ரத்தமும் நாக்கில் ஒட்டின.

வருகிறானா, வரட்டும் என்று நினைத்தாள். தகரக் கூரையில் மழை இரைந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஆனி பிறந்ததிலிருந்து புனேயில் ஒரு நாள் வெயில் இல்லை. துணி காயவில்லை, சுவரெல்லாம் பூசணம். அவள் மனதுக்கும் அந்த மழை ஒத்துத்தான் போனது.

அருண்ராஜ் அவளுக்கு ஒரே தம்பி. தென்காசிப் பக்கத்திலிருந்து சுப்பையாவுக்கு வாக்கப்பட்டு அவள் கட்கி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு, அவனையும் வரவழைத்துத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். சுப்பையா ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை. இருந்த இரண்டு அறையில் ஒன்றை மச்சினனுக்கு ஒதுக்கிவிட்டு அவர் அடுப்படியில் பாய் விரித்துப் படுத்தார். அருண்ராஜ் டிப்ளமோ முடிக்கிற வரைக்கும் அவன் சட்டையைத் துவைத்துப் போட்டது அக்காதான். அவள் மகள் காவ்யாவுக்குக் காது குத்தியது அவன் மடியில் உட்கார வைத்துத்தான்.

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பாடத்தைப் போனில் நடத்திவிடலாம், பிராக்டிகலை என்ன செய்வது? ஒரு பெட்டி. அதற்குள் டெஸ்ட் டியூப், ஸ்பிரிட் விளக்கு, சின்னச் சின்ன பாட்டிலில் மருந்துகள், கையுறை, கண்ணுக்குப் போட்டுக்கொள்ளப் பாதுகாப்புக் கண்ணாடி. பெட்டி வீட்டுக்கு வரும். பிள்ளை போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் செய்யும். எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் டீச்சர் திரையில் பார்த்து, இப்படிச் செய், அப்படிச் செய் என்பார். ஹாத்பாக்ஸ் என்று பெயர் வைத்தான். சிஞ்ச்வட்டில் ஒரு ஷெட் எடுத்தான். கார் வாங்கினான். சாந்தகுமாரி ரப்பர் கம்பெனியில் எல்லோரிடமும், "அது எந்தம்பி கம்பெனிதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

காவ்யாவுக்குப் பதினோராம் வகுப்பில் காசநோய் வந்தது. மாத்திரை, ஊசி, படுக்கை என்று அந்த வருஷம் போயிற்று. அங்கே பதினோராம் வகுப்பே ஜூனியர் காலேஜில்தான்; அதில் வருகைப் பதிவு போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்தே படிக்கிற ஓப்பன் ஸ்கூலில் சேர்த்துவிட்டது அருண்ராஜ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவன்தான். அந்தப் பெட்டி வந்த நாளில் காவ்யா சோறு தின்ன மறந்துபோனாள். நோய் வந்ததற்கப்புறம் பிள்ளை சிரித்ததே அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அது நடந்தது. சோப்புச் செய்யும் பாடம். தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கையுறை போட்டு, கண்ணாடியும் போட்டு, காவ்யா முறையாகத்தான் செய்துகொண்டிருந்தாள். பாட்டில் மூடி இறுகிக் கிடந்தது. அழுத்தித் திருகியதும் மூடி பிய்த்துக்கொண்டு தண்ணீர் முகத்தில் பீச்சியது. கண்ணாடியின் மேல் விளிம்பிலும் பக்கவாட்டிலும் வரிசையாக ஓட்டைகள். அந்த ஓட்டை வழியாக இறங்கி இடது கண்ணுக்குள் போய்விட்டது. எரிச்சல் தாங்காமல் பிள்ளை கண்ணாடியைப் பிடித்து நெற்றிக்கு ஏற்றியது. அடுப்படியில் நின்ற சாந்தகுமாரி பாய்ந்து வந்து, குழாயில் தண்ணீர் இல்லாமல், குடிதண்ணீர் டிரம்முக்குள் பிள்ளையின் முகத்தை அமுக்கி அமுக்கிக் கழுவினாள். கண் போய்விட்டது. கருவிழி வெந்த மீன்கண் மாதிரி வெளுத்துப்போயிற்று. இறந்தவர் யாருடைய கருவிழியாவது கிடைத்தால் மாற்றி வைக்கலாம், பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அதுவரைக்கும் சாந்தகுமாரி தம்பியைக் குற்றம் சொல்லவில்லை. நம் தலையெழுத்து என்றுதான் அழுதாள். ஆனால் மற்றப் பெற்றோர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அருண்ராஜ் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோவைப் போட்டான். அன்றைக்கு டீச்சரின் திரையில் பதிவானது. அதில் காவ்யா கையில் பாட்டிலோடு நிற்கிறாள். கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததை வெட்டி எடுத்திருந்தான். கீழே எழுதியிருந்தான்: மாணவி கண்ணாடி அணியாததால் நேர்ந்த விபத்து, மற்றவர்கள் கவனமாக இருக்கவும்.

பக்கத்து வீட்டு ஜோசபின் அந்தப் பெட்டிகளுக்குச் சாமான் அடுக்கும் வேலைக்குப் போகிறவள். அவள்தான் போனில் காட்டினாள். சாந்தகுமாரி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அன்றோடு அழுகை நின்றுவிட்டது.

விரலைக் கீறிக்கொண்ட அன்று சாயங்காலம் லோக்கல் ரயிலைப் பிடித்து வீடு வந்ததும் அவள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். தம்பிக்குக் காந்தா பஜ்ஜி பிடிக்கும். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது அருண்ராஜ் குடையை மடக்கி உதறிக்கொண்டே உள்ளே வந்தான். கையில் ஆப்பிளும் பேரிக்காயும் நிறைந்த பை.

"வா மாப்ளே, உக்காரு" என்றார் சுப்பையா. மச்சினனைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே நிம்மதி. சண்டை என்றால் அவருக்கு ஆகாது.

"அத்தான் நல்லாருக்கீங்களா? அக்கா, நீ எம்மேல கோவமாத்தான் இருப்ப."

"கோவப்பட்டு என்ன செய்யப்போறேன்? பஜ்ஜி ஆறுது, தின்னு."

அவள் குரல் அவ்வளவு சாந்தமாக இருந்தது சுப்பையாவுக்குச் சரியாகப் படவில்லை. அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருண்ராஜ் இரண்டு பஜ்ஜி தின்றான். அப்புறம் விஷயத்துக்கு வந்தான். "வர்ற ஞாயித்துக்கெழம கேம்ப் ஏரியால ஒரு ஹால் எடுத்துருக்கேன். ரஞ்சன்காவ்ல ஃபேக்டரி ஆளுங்க பிள்ளைங்களுக்காக ஒரு டிரஸ்ட் இருக்கு. எல்லா பிள்ளைக்கும் நம்ம பாக்ஸயே வாங்கலாம்னு நினைக்கறாங்க. பத்ரிநாத் சார்னு ஒருத்தர்தான் முடிவு பண்ணணும். அவரு காவ்யா விசயத்த கேள்விப்பட்டிருக்கார்."

"கேள்விப்பட்டுட்டாரா?"

"நாலு பேர் நாலு விதமா சொல்லுவாங்கல்ல. அதான், நீயும் அத்தானும் முன்னாடி வரிசைல வந்து உக்காந்தா போதும். நமக்குள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுரும். ரெண்டு வார்த்த பேசுனா இன்னும் நல்லது. ஆபரேஷன் வரும்போது முழுசா நான் பாத்துக்கறேன்க்கா. சத்தியமா."

"நல்ல காரியந்தான" என்றார் சுப்பையா. "என்ன சாந்தா, போயிட்டு வந்துருவமே."

"அந்த வீடியோவ எடுத்துட்டியால?" என்று கேட்டாள் சாந்தகுமாரி.

அருண்ராஜ் டீ டம்ளரைப் பார்த்தான். "அது வக்கீல் சொன்னதுக்கா. கம்பெனின்னு ஒண்ணு இருக்குல்ல. அத்தன பேர் வேல பாக்கறாங்க. எனக்கு மட்டும் ஆசையா?"

உள்ளறை வாசலில் காவ்யா வந்து நின்றாள். இடது கண்ணுக்குக் கறுப்புத் துணி எதுவும் அவள் கட்டுவதில்லை. வெள்ளையாகவே தெரியும்.

"மாமா, அது லைவா?"

அருண்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வா கண்ணு. லைவ்தான். நம்ம ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் வீட்லேந்தே பாப்பாங்க."

"ரெக்கார்டிங் இல்லல்ல? பக்கா லைவ்?"

"பக்கா லைவ்."

"அச்சா. அப்ப நான் வரேன். எக்ஸ்பெரிமெண்ட் நானே பண்றேன், ஸ்டேஜ்ல."

அருண்ராஜ் அக்காவைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. இதைவிட என்ன வேண்டும் அவனுக்கு? அடிபட்ட பிள்ளையே மேடையேறித் திரும்பவும் செய்து காட்டுகிறது. "எது பண்ணுவ கண்ணு?"

"ஹல்திவாலா. மஞ்ச பேப்பர் ரெட்டா ஆகும்ல, அது. ஈஸிதானே."

"பெஸ்ட். கேமராவுல கலர் நல்லாத் தெரியும்" என்றான். போகும்போது காவ்யாவின் தலையைத் தடவிவிட்டுப் போனான். அவள் அசையாமல் நின்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை, ரப்பர் கம்பெனிக்கு விடுமுறை. சுப்பையா ஷிஃப்டுக்குப் போனதும் சாந்தகுமாரி மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அவன் கூப்புடுதாம்னு மேடையேறி ஆடப்போறியா? ரோஷம் வேண்டாமா?"

காவ்யா அடுப்படிக்குப் போனாள். அரிசி டப்பாவை நகர்த்தி, பின்னால் இருந்த சின்னத் தூக்குச்சட்டியை எடுத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துச் சமையல் மேடைமேல் வைத்தாள். ஹாத்பாக்ஸ் என்று லேபிள் ஒட்டிய காஸ்டிக் பாட்டில். முக்கால்வாசி மிச்சமிருந்தது.

"அம்மா, இது எதுக்கு?"

"எலிக்கு வச்சேன்."

"எலிக்கு யாரும் காஸ்டிக் வைக்க மாட்டாங்க."

சாந்தகுமாரி கீழே உட்கார்ந்தாள். தினமும் உலைக்கு அரிசி எடுக்கும்போது அந்தத் தூக்குச்சட்டியை ஒருமுறை தொட்டுக்கொள்வாள். அதைத் தொட்டால்தான் அவளுக்கு அன்றைய நாள் ஓடும். அதை மகள் பார்த்துவிட்டாளே என்று வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் போயிற்று.

"அவன் கண்ணுல ஊத்தணும்" என்றாள். "ரெண்டும் வேண்டாம். ஒத்தக் கண்ணு போதும். உனக்குப் போன அதே கண்ணு. நேத்து பஜ்ஜி திங்கும்போது குனிஞ்சான் பாரு, அப்பவே கை பரபரன்னுச்சு. நீ உள்ள இருந்தியேன்னு விட்டேன்."

காவ்யா பயப்படுவாள் என்று நினைத்தாள். காவ்யா சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஊத்தினா என்ன ஆகும்? போலீஸ் வரும். நியூஸ்ல உன் ஃபோட்டோ போடுவாங்க. மாமா ஆஸ்பத்திரில படுத்திருப்பார், எல்லாரும் பிச்சாரான்னு சொல்வாங்க. பிச்சாரான்னா, பாவம்னு. காகிள்ஸப் பத்தி, அந்தக் கண்ணாடியப் பத்தி யாரும் கேக்கவே மாட்டாங்க. அந்தப் பாக்ஸ் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகும்?"

"அதுக்காவ அவன விட்டுறச் சொல்லுதியா?"

"விடறதா? நான் எப்ப விடச் சொன்னேன்?" காவ்யாவுக்குத் தமிழில் கோர்வையாகச் சொல்ல வராது. தேடித் தேடிச் சொன்னாள். "அவர் என்னை எல்லாருக்கும் காட்டினார். கட் பண்ணிக் காட்டினார். நான் அவரைக் காட்டணும். கட் பண்ணாம. அவர் ஹால்ல, அவர் கேமராவுல, அவர் பாட்டில்ல."

சாந்தகுமாரி மகளையே பார்த்தாள். இந்தப் பிள்ளை இத்தனை மாதமாகச் சத்தமில்லாமல் படுத்துக் கிடந்தது நோவில் என்று நினைத்திருந்தாள்.

அன்றே ஆரம்பித்தார்கள். அருண்ராஜ் தன் வீடியோக்களில் எல்லாம் மேஜைமேல் ஒரு தெர்மோகோல் தலையை வைத்திருப்பான். அதற்குக் கண்ணாடி மாட்டியிருக்கும். வீட்டில் தெர்மோகோல் தலைக்கு எங்கே போவது? ஒரு தேங்காயை எடுத்தாள் சாந்தகுமாரி. அதில் கண் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் தோய்த்துக் காயவைத்த காகிதத்தை ஒட்டினாள் காவ்யா. மேலே அந்தப் பழைய ஓட்டைக் கண்ணாடியை மாட்டினாள். கையுறை போட்டுக்கொண்டு, அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்தாள்.

முதல் சொட்டு தேங்காயைத் தாண்டிப் போய்த் தரையில் விழுந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. பக்கத்தில் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். சாந்தகுமாரி எழுந்து, "குடு, நான் விடுதேன்" என்றாள்.

"நீ விடக்கூடாது. நான்தான்."

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். இடது கையின் சுண்டுவிரலைக் கண்ணாடியின் விளிம்பில் வைத்து, அந்த விரலைத் தொட்டபடி பாட்டிலின் மூக்கைக் கொண்டுவந்தாள். மேல் ஓட்டையில் ஒரு சொட்டு. கண்ணாடிக்குள்ளே மஞ்சள் காகிதத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்து, விரிந்து, கீழே வழிந்தது.

சாந்தகுமாரிக்கு அது புதிதில்லை. மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்துத் தம்பி கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு ஏந்தியவள் அவள். அதே சிவப்புதான். இது பிள்ளை கண்ணிலிருந்து வழிகிற மாதிரி வழிந்தது. அவள் போய்ச் சாளரத்தைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். திரும்பி வந்து, "இன்னொருக்கா செய்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கேம்ப்பில் சர்ச் விட்டுக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. குடைகளுக்கு நடுவே ஆட்டோ நகரவில்லை. சுப்பையா புதுச் சட்டை போட்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. காவ்யாவின் மடியில் ஒரு துணிப்பை. ஹால் வாசலில் அருண்ராஜின் பெண்டாட்டி தீப்தி பன்னீர் தெளித்து எல்லோரையும் வரவேற்றாள். நாத்தனாரைக் கண்டதும் கட்டிப்பிடித்து, "வந்துட்டீங்களே அண்ணி, அது போதும்" என்று கண் கலங்கினாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. சாந்தகுமாரி ஒரு நிமிஷம் இளகினாள். உள்ளே மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் தம்பியின் சிரித்த முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

மேடையில் ஒரு பக்கம் சீல் பிரிக்காத பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். மேஜைமேல் தெர்மோகோல் தலை, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் பத்ரிநாத், வெள்ளைச் சட்டைக்காரர், கைக்குட்டையால் மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில், வீட்டிலிருந்து பார்க்கிற பிள்ளைகள் அனுப்புகிற வணக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அருண்ராஜ் மைக்கில் நன்றாகப் பேசினான். இந்தியும் இங்கிலீஷும் கலந்து, ஏழைப் பிள்ளை வீட்டுச் சமையலறையே ஆய்வகம் ஆவது பற்றிப் பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் அக்கா மகளுக்கு நேர்ந்த ஒரு சின்னக் கவனக்குறைவையும், அவள் மனம் தளராமல் திரும்பி வந்திருப்பதையும் சொன்னான். கைதட்டினார்கள். காவ்யா மேடையேறினாள்.

அவள் துணிப்பையிலிருந்து மஞ்சள் காகிதங்களை எடுத்தாள். தெர்மோகோல் தலையிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு காகிதங்களையும் ஒட்டினாள். மறுபடியும் கண்ணாடியை மாட்டினாள்.

"இல்ல கண்ணு, காகிதம் தட்டுல வைக்கணும்" என்றான் அருண்ராஜ் சிரித்தபடி.

"இப்படியும் வரும், மாமா" என்றாள். பாட்டிலைக் கேமராவுக்கு நேராகக் காட்டி இந்தியில் சொன்னாள்: "இது ஹாத்பாக்ஸில் வரும் காஸ்டிக். இது ஹாத்பாக்ஸில் வரும் காகிள்ஸ். அன்றைக்கு நான் இதைப் போட்டிருந்தேன்."

சுண்டுவிரலை விளிம்பில் வைத்தாள். ஹால் காத்திருந்தது. பாட்டில் மூக்கு விரலைத் தொட்டது. சொட்டு விழுந்தது.

பெரிய திரையில், தலை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்த கண்ணாடிக்குள்ளே மஞ்சள் சிவந்து வழிந்தது. காவ்யா அதோடு நிறுத்தவில்லை. பக்கவாட்டு ஓட்டையில் ஒன்று, வலது பக்கத்தில் ஒன்று. இரண்டு கண்ணும் சிவந்து ஒழுகின. திரையோரத்தில் ஓடிக்கொண்டிருந்த வணக்கங்கள் நின்றன. பிறகு கேள்விகள் வந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக.

அருண்ராஜ் மைக்கைப் பிடுங்கினான். "குழந்தை மனசு நொந்து போயிருக்கு. இது எங்க காகிள்ஸே இல்ல. எங்கேயோ வாங்கி மாத்தியிருக்காங்க. கேமராவ ஆஃப் பண்ணுங்க."

அப்போதுதான் சாந்தகுமாரி எழுந்தாள். சுப்பையா அவள் முந்தானையைப் பிடித்தார், உருவிக்கொண்டு போனாள். மேடையில் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்க சீலைக் கிழித்தாள். ரப்பர் சீவிய கை. ஒரே இழுப்பில் கிழிந்தது. உள்ளிருந்து கண்ணாடியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். அதே பெட்டியிலிருந்து காஸ்டிக் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகித் திறந்தாள்.

"இது உன் காகிள்ஸ்தானல? போடு."

"அக்கா, என்ன இது? கீழ எறங்கு."

"நல்ல காகிள்ஸ்னா உனக்கு என்ன பயம்? போட்டுட்டு நிமிந்து நில்லு. ஒரு சொட்டு விடுதேன். எம்மவ போட்டுக்கிட்டா. நீ போடு."

கேமராவை அணைக்கச் சொன்னவன் பேச்சை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முன்வரிசையில் பத்ரிநாத் எழுந்து நின்றார். தமிழ் அவருக்கும் வீட்டு மொழிதான். "மிஸ்டர் அருண்ராஜ், அவங்க கேக்கறதுல தப்பில்லையே. போட்டுக் காட்டுங்களேன். ஊத்த வேண்டாம். போட்டுண்டு பக்கத்துல நின்னாப் போதும்."

அருண்ராஜ் கண்ணாடியைக் கையில் வாங்கினான். அதன் ஓட்டைகளைப் பார்த்தான். அக்காவின் கையைப் பார்த்தான். அந்தக் கையை அவனுக்கு நன்றாகத் தெரியும். சாந்தகுமாரியின் கட்டைவிரல் பாட்டிலின் வயிற்றில் அழுந்திக்கொண்டு வந்தது. போட்டால் போதும், போட்டு ஒரு நொடி நின்றால் போதும், அழுத்திவிடுவாள். ஏசு வந்தாலும் எமன் வந்தாலும் அழுத்திவிடுவாள். அவளுக்கு அது தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

கண்ணாடி கீழே விழுந்தது. அருண்ராஜ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். பின்னால் இருந்த பெட்டிக் கோபுரத்தில் முதுகு மோதி, பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பெரிய திரையில் அவனுடைய பொத்திய முகம் ஹாலின் அகலத்துக்குத் தெரிந்தது.

காவ்யா வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "போதும்மா. அவர் போடல. எல்லாரும் பாத்தாச்சு."

சாந்தகுமாரிக்குப் போதவில்லை. ஆனாலும் மூடியைத் திருகி மூடினாள்.

அதற்கப்புறம் நடந்தவை சீக்கிரமே நடந்தன. ரஞ்சன்காவ் டிரஸ்ட் விலகிக்கொண்டது. பெட்டி வாங்கிய பெற்றோர் போலீசுக்குப் போனார்கள். வேறொரு ஊரில் ஒரு பையனுக்கும் இமை வெந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிய வந்தது. அவன் வீட்டுக்கும் அதே மாதிரி வெட்டின வீடியோ போயிருந்தது. சிஞ்ச்வட் ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. கார் போயிற்று.

ஒரு நாள் காலையில் ஜோசபின் வாசலில் வந்து நின்றாள். "எங்க வேலையும் போச்சுக்கா. உங்க ரப்பர் கம்பெனில ஒரு வார்த்த சொல்லேன்."

"அந்தக் காகிள்ஸ்ல ஓட்டை இருக்குன்னு உனக்குத் தெரியுமா, ஜோசபின்?"

ஜோசபின் சேலைத் தலைப்பைத் திருகினாள். "கல்லு உடைக்கிறவங்க போடுறது இதுன்னு நாங்க சொன்னோம்க்கா. சார்தான் விலை கம்மி, இதையே போடுங்கன்னார்."

"தெரிஞ்சுதான் எம்பிள்ளைக்கும் போட்டியோ?"

"நான் அடுக்குறவக்கா. நான் என்ன செய்ய?"

அன்று கம்பெனியில் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றபோது, சாந்தகுமாரி ஜோசபினைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுத்த புஷ்ஷை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். அவள் சொல்லவே இல்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

கணபதி பண்டிகை வருவதற்கு முன்னால், தெருவில் பையன்கள் டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அருண்ராஜ் வந்தான். பஸ்ஸில் வந்திருந்தான். பழப்பை இல்லை. மழையில் தலை நனைந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். காவ்யா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாந்தகுமாரி நெத்திலிக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வா மாப்ளே" என்று சுப்பையா வாய் தவறிச் சொல்லிவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அடுத்த கரண்டிக் குழம்பை அள்ளினாள்.

"அக்கா" என்றான். "உன்கிட்ட ஒண்ணும் கேக்க வரல. காவ்யாகிட்டத்தான். கண்ணு, மாமாவால அந்த ஞாயித்துக்கெழமைய நினைச்சா தூங்க முடியல. நீ ஒரு வார்த்த சொல்லு. திட்டறதுன்னாலும் திட்டு."

காவ்யா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "உக்காருங்க மாமா" என்றாள்.

அவன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அவளுக்கு வலது பக்கத்தில், சுவரை ஒட்டி உட்காரக் குனிந்தான்.

"அங்க இல்ல. இந்தப் பக்கம் வாங்க" என்று இடது கையால் தரையைத் தட்டிக் காட்டினாள்.

அவன் சுற்றிவந்து அங்கே உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் அந்த வெள்ளைக் கண் தனக்கு நேராக இருப்பதைப் பார்த்தான். "ஏன் கண்ணு, இங்க?"

"இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது, மாமா. அங்க உக்காந்தா உங்களைப் பாத்துட்டே சாப்பிடணும்."

சுப்பையா எழுந்து வெளியே போய்விட்டார். அருண்ராஜ் எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. காவ்யா தலையைத் திருப்பாமல் நெத்திலியின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். சாந்தகுமாரி மகளுக்கு மட்டும் வைத்தாள்.